எங்கள் நிறுத்தத்தில் யாரும் நிற்பதில்லை

கண்ணுகளா, அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நீங்கள் இருவரும் மாறி மாறிப் போன் செய்தீர்கள். "அப்பா, கலக்கிட்டீங்க" என்றாள் பெரியவள். ஹாஸ்டலில் எல்லாருக்கும் போட்டுக் காட்டியதாகச் சொன்னான் சின்னவன். நான் "சாப்பிட்டீங்களா" என்று பேச்சை மாற்றிப் போனை வைத்துவிட்டேன். அந்த வீடியோ கைதட்டலோடு முடிந்துவிடுகிறது. எடுத்தவர் கைதட்டல் அடங்கியதும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பின்னால் நடந்ததை யாரும் எடுக்கவில்லை. எனக்கு அதை வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவனுடைய எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். அந்த வீடியோவை மட்டும் இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

மெட்ரோ ரயில் நம் பக்கம் வரப்போகிறது என்ற பேச்சு கொஞ்ச நாளாகவே, மெயின் ரோட்டிலிருந்து நம் ரோடு கிளை பிரிகிற பிரிவில் இருக்கும் பேக்கரியில் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு மேலே போகும் என்றார் ஒருவர். இல்லை, நம்ம பிரிவு கிட்ட வரும்போது மட்டும் பூமிக்கு அடியில் இறங்கிவிடும் என்றார் இன்னொருவர். "அடியில போனா நம்ம ஊட்டு போர்த்தண்ணி என்னாகறதுங்க?" என்று கேட்டவரும் உண்டு. டீ ஆறும் வரைக்கும் ரயில் மேலேயும் கீழேயும் போய்வரும். கடைசியில் எல்லாரும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்பார்கள்: ரயில் வந்தால் ரோட்டு நெரிசல் குறையுமா? ஊர் வியாபாரம் பெருகுமா?

அந்தக் கேள்வியில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான். நம் பட்டறை வேலை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கணபதிப் பக்கம் இரும்பை உருக்கிக் காஸ்டிங் ஊற்றுகிறார்கள். அதை நான் மொபெட்டில் முன்னாலும் பின்னாலும் கட்டிக்கொண்டு வந்து லேத்தில் கடைந்து கொடுக்கிறேன். அங்கிருந்து பிளேட்டிங், அப்புறம் பீளமேட்டில் பம்பு மோட்டாருக்குள் போகிறது. ஒரு பம்பு முழுசாவதற்குள் அதன் சாமான்கள் ஊரையே சுற்றிவிடும். காலையில் காந்திபுரம் சிக்னலில் நிற்கிற கூட்டத்தில் என்னைப் போல மடியில் இரும்பை வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் நிறையப் பேர். எங்களை எந்த ரயில் ஏற்றிக்கொள்ளும்? பாலம் கட்டத் தோண்டினபோது மூடின கடைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் சிலது இன்னும் திறக்கவில்லை. இதையெல்லாம் நான் உண்மையாகத்தான் நினைத்தேன். ஆனால் உண்மையான கேள்வியோடு ஒரு பொய்யையும் சேர்த்துக் கட்டி எடுத்துப் போனேன். அந்தப் பொய்யைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நம் காரைப் பற்றிச் சொல்கிறேன். பாலித்தீன் உறை போட்டு வாசலில் நிற்கிறதே, அந்தப் பழைய கார். வாங்கிய நாள் முதல் அது போன இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில், ஆஸ்பத்திரி. மற்றபடி ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்டரி இறங்காமல் இருக்க ஸ்டார்ட் செய்து, உறுமவிட்டு, அணைத்து, திரும்ப உறையைப் போட்டுவிடுவேன். நம் வீதியில் எல்லா வீட்டுக் காருக்கும் இதே ஞாயிற்றுக்கிழமைப் பூசைதான். எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் உறுமல் கேட்கும்.

இதை ஏன் வைத்திருக்கிறோம் என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். நம் பக்கம் கல்யாண வீட்டில் "வாங்க வாங்க" என்று கும்பிட்டவுடன் அடுத்து வரும் கேள்வி "எதுல வந்தீங்க?" என்பதுதான். சாப்பிட்டீங்களா என்பதெல்லாம் அப்புறம். "கார்லதானுங்க" என்று சொல்லிவிட்டால் முகம் மலரும். "பஸ்லதானுங்க" என்றால் "அப்படீங்களா, பரவாயில்லைங்க" என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். அந்தப் 'பரவாயில்லைங்க'வைக் கேட்டு மனசு சுருங்காத ஆளை நான் பார்த்ததில்லை.

உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் இருவரும் போனது உங்களுக்கு நினைவிருக்கலாம். நம் வீதிக்கே அழைப்பு. வீட்டுக்கு ஒரு கார். ஒவ்வொன்றிலும் ஒரு புருசன், ஒரு பெண்டாட்டி, பின்சீட்டில் ஒரு மொய்ப் பை. பொள்ளாச்சி ரோட்டில் எதிர்வீட்டு அண்ணன் கார் முன்னால், நான் பின்னால், எனக்குப் பின்னால் மூலை வீட்டுக்காரர். வழியில் ஒரே டீக்கடையில் எல்லாரும் நிறுத்தி, இறங்கி, சேர்ந்து நாயம் பேசி டீ குடித்துவிட்டு, திரும்பவும் தனித்தனிக் காரில் ஏறிக்கொண்டோம். மண்டபத்துக்கு முன்னால் நிறுத்த இடமில்லாமல் ரோட்டோரம் அடைத்துக்கொண்டு நின்றோம். எங்களால் ஒரு டவுன் பஸ் நகர முடியாமல் ஆரன் அடித்துக்கொண்டு நின்றது. அதில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். "என்ன டிராபிக்குங்க இந்த ஊர்ல" என்றார் எதிர்வீட்டு அண்ணன். "கவர்மெண்டு ரோட்டை அகலப்படுத்தவே மாட்டீங்கறாங்க" என்றேன் நான். நாங்கள் இருவரும் மனசாரத்தான் சொன்னோம்.

இப்போது உங்கள் அம்மா விஷயம். பட்டறையில் ஆர்டர் குறைந்தபோது அம்மா ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலைக்குப் போனாள். அவள் வேலைக்குப் போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போகிற பஸ்தான் என்னைக் குத்தியது. பெண்களுக்குக் காசில்லாத பஸ் வேறு. "ஓசி பஸ்" என்று பேக்கரியில் ஆண்கள் சிரிப்பார்கள். நானும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டவன்தான். நம் பிரிவு நிறுத்தம் சரியாகப் பேக்கரிக்கு எதிரில் இருக்கிறது. அங்கே அம்மா நின்றால் டீ கிளாஸோடு நிற்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள். அதனால் அவள் வேலையில் சேர்ந்த முதல் வாரமே சொன்னேன்.

"அடுத்த ஸ்டாப்புல ஏறிக்க. அங்க கூட்டம் கம்மி. உக்கார எடம் கெடைக்கும்."

அம்மா என்னை ஒரு நிமிசம் பார்த்தாள். "சரிங்க" என்றாள். ரேஷன் கடைச் சந்து வழியாகப் பின்வீதிக்குப் போய், அங்கிருந்து அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்தாள். மழைக்காலத்திலும் அந்த நடைதான். முட்டிவலி வந்த பிறகும் அந்த நடைதான். யாராவது "அம்மணி எப்படிங்க வேலைக்குப் போகுது?" என்று கேட்டால், "நாந்தான் கொண்டுபோய் உட்டுடறேனுங்க" என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ரோவுக்காகக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப். வீடு வீடாகப் போக வேண்டிய பெண்ணை எதிர்வீட்டு அண்ணன் விடவில்லை. "வெய்யல்ல எதுக்கு அம்மணி அலையறே? இங்க உக்காரு. எல்லாத்தையும் இங்கயே வரச் சொல்றேன்" என்று தன் வீட்டு போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார். அவருக்கு அது உபசாரம். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. வீதி ஆண்கள் எல்லாம் அங்கே கூடிவிட்டோம். பெண்கள் யாரும் வரவில்லை. அம்மா அன்று ஞாயிற்றுக்கிழமை டூட்டிக்குப் போயிருந்தாள்.

"தினமும் வேலைக்கு எதுலங்க சார் போவீங்க?" என்று அந்தப் பெண் முதலில் அண்ணனைக் கேட்டது.

"கார்லதான் அம்மணி."

"வீட்ல அம்மா?"

"அவளும் கார்லதான். பஸ்ஸெல்லாம் நம்முளுக்கு ஒத்துக்காது."

அவர் அப்படிச் சொன்னபிறகு அடுத்தவர் எப்படி வேறு மாதிரி சொல்லுவார்? அவரும் கார். மூலை வீட்டுக்காரரும் கார். என் முறை வந்தது. என் மொபெட் போர்டிகோவுக்கு நேர் எதிரே, பக்கத்தில் காஸ்டிங் சாக்கோடு நின்றுகொண்டிருந்தது.

"கார்லதானுங்க" என்றேன்.

அந்தப் பெண் வண்டியைப் பார்த்தது. "அதுங்க சார்?"

"அது பால் வாங்கறதுக்குங்க."

அண்ணன் சிரித்தார். "தம்பி ஊட்ல மாட்டுப் பாலு இல்லீங்க, இரும்புப் பாலு" என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்தப் பெண்ணும் சிரித்தது. நல்ல பிள்ளை. சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டது. வீட்ல அம்மா என்று கேட்டதற்கும் நான் கார் என்றேன். அம்மா அந்த நேரத்தில் எந்தப் பஸ்ஸில், எந்தக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாளோ.

அப்புறம்தான் மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். நீங்கள் பார்த்த வீடியோ அதுதான். போவதற்கு முன்னால் அண்ணன் பேக்கரியில் வைத்து என்னிடம் சொன்னார்: "தம்பி, நீதான் கோர்வையா பேசுவே. நீயே கேட்டுப்போடு. கடைக்காரங்க பூராம் உன்னைத்தான் நம்பிக்கிட்டிருக்கறாங்க." எனக்கு அது பெருமையாக இருந்தது. இரண்டு நாள் லேத்தில் நிற்கும்போதெல்லாம் வசனம் பேசிப் பார்த்தேன். இரும்புச் சுருள் சீவிக்கொண்டு பறக்கும், நான் அதனிடம் பேசிக்கொண்டிருப்பேன்.

மேடையில் வரைபடத்தைக் காட்டிப் பேசியவர் ஒரு பெண் இன்ஜினியர். அவர் முடித்ததும் நான் எழுந்தேன்.

"ஏனுங்க மேடம், எங்க வேலை ஒரே எடத்துல நடக்கறதில்லீங்க. காஸ்டிங் ஒரு எடம், லேத்து ஒரு எடம், பிளேட்டிங் ஒரு எடம். சாமான் பூராம் ரோட்டுலதான் போயாகோணும். காஸ்டிங் மூட்டையோட வந்தா உங்க ரயில்ல ஏத்திக்குவீங்களா?"

சிரிப்பும் கைதட்டலும். அது வீடியோவில் இருக்கிறது.

"தோண்டற வருசமெல்லாம் ரோட்டோரக் கடை என்னாகுதுங்க? பொருளாதாரம் வளரும்னு சொல்றீங்க. யாரோட பொருளாதாரமுங்க?"

அதற்கும் கைதட்டல். அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். கைதட்டல் என்னை உட்கார விடவில்லை.

"கடைசியா ஒண்ணுங்க. எங்க வீதியில வந்து பாருங்க, ஊட்டுக்கு ஒரு கார் நிக்குது. பஸ்ஸுல போற ஆளுகளே இல்லீங்க. அப்புறம் ரயில்ல யாருங்க போவாங்க?"

பெரிய கைதட்டல் இதற்குத்தான் வந்தது. சிலர் விசில் அடித்தார்கள். வீடியோ அங்கே முடிகிறது. நான் உட்காரும்போது இடது பக்கம் பெண்கள் வரிசையைப் பார்த்தேன். அம்மா அங்கே இருந்தாள். ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து நேராக வந்திருக்கிறாள் போல. மடியில் கைப்பை. அவள் கைதட்டவில்லை. அந்த வரிசையிலேயே யாரும் கைதட்டவில்லை.

இன்ஜினியர் அம்மா கோபப்படவில்லை. "அய்யா கேட்டது நியாயமான கேள்விங்க" என்றுதான் ஆரம்பித்தார். "ரயில்ல சரக்கு போகாதுங்க. ஆனா ஆளுங்க கொஞ்சம் ரயில்ல போனா, சரக்கு கொண்டு போறவங்களுக்கு ரோட்ல எடம் கெடைக்குமில்லீங்களா? ரயில் வந்தா மட்டும் நெரிசல் கொறஞ்சுரும்னு நான் சொல்ல மாட்டேன். வண்டிய ஊட்ல வெச்சுட்டு ஏறுனாத்தான் கொறையும். அது உங்க கையிலதான் இருக்குதுங்க."

எனக்கு அந்த முதல் விஷயம் தோன்றவே இல்லை. இரண்டு நாள் வசனம் பேசிய எனக்கு, சிக்னலில் எனக்கு முன்னால் நிற்கும் ஒற்றை ஆள் கார் நகர்ந்தால் என் காஸ்டிங் சீக்கிரம் போகும் என்று தோன்றவில்லை.

அவர் மேலும் சொன்னார்: "உங்க பிரிவுல ஒரு ஸ்டேஷன் வைக்கலாம்னு மொதல்ல யோசனை இருந்துச்சுங்க. ஆனா அய்யா சொன்ன மாதிரியே, உங்க வீதிகள்ல பஸ்ல போறவங்க யாரும் இல்லைன்னுதான் கணக்கெடுப்புலயும் வந்துச்சு. பஸ் ஸ்டாப்புல பாத்தாலும் யாரும் நிக்கறதில்லை. அடுத்த ஸ்டாப்புல நெறையப் பேர் நிக்கறாங்க. அதனால ஸ்டேஷனை அக்கட்டால அந்த ஸ்டாப்புக்கே தள்ளிட்டோம்."

எங்கள் வரிசையில் அதற்கும் கைதட்டினார்கள். ஸ்டேஷன் இல்லையென்றால் தோண்டுவதும் இல்லை, கடைகள் தப்பித்தன என்று. அண்ணன் என் தொடையில் தட்டி, "ஜெயிச்சுப்போட்டோம் தம்பி" என்றார்.

கூட்டம் முடிந்து மண்டபத்தின் பின்பக்கம் பஜ்ஜியும் காப்பியும் கொடுத்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நின்றோம். கணக்கெடுக்க வந்த அந்தப் பெண் கையில் காகிதக் கட்டோடு எங்களைக் கடந்து போனது, சட்டென்று நின்று திரும்பியது.

"அட அக்கா! நீங்க எங்க இங்க?"

அம்மாவைப் பார்த்துத்தான்.

"எங்க ஊடு இங்கதான் கண்ணு" என்றாள் அம்மா.

"இங்கயா? நீங்க அடுத்த ஸ்டாப்புல ஏறுறவங்க ஆச்சே? நேத்துக்கூட சீட்டுல என் பேக்கைப் போட்டு உங்களுக்கு எடம் புடிச்சு வெச்சனே, ஏங்க்கா வரல?"

"நேத்து லீவு கண்ணு."

அந்தப் பெண்ணின் பார்வை அம்மாவுக்குப் பக்கத்தில் போனது. அங்கே எதிர்வீட்டு அண்ணனுடைய சம்சாரம் நின்றிருந்தார். "அய்யோ, நீங்களும் இங்கதானா அக்கா? அங்க மூலையில நிக்கறாங்களே, தையல் கிளாஸ் அக்கா, அவங்களும்! நம்ம பஸ்சு செட்டு பூராம் இங்கதான் இருக்குதா!" அதற்கு ஒரே சந்தோசம். திருவிழாவில் பழைய சிநேகிதிகளைப் பார்த்த மாதிரிக் கையைப் பிடித்துக்கொண்டது. "அப்புறம் ஏங்க்கா அம்புட்டுத் தூரம் நடந்து வந்து ஏறுறீங்க? இங்கயே ஸ்டாப்பு இருக்குதே?"

 பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் பஜ்ஜியைப் பார்த்தோம்.

அந்தப் பெண்ணும் எங்களைப் பார்த்தது. முதலில் அண்ணனை. பிறகு என்னை. "சார், அன்னிக்கு நீங்க…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டது. அதன் முகம் சிவந்துவிட்டது. பொய் சொன்னது நாங்கள், வெட்கப்பட்டது அந்தப் பிள்ளை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் எனக்கு அன்றைக்குப் பெரிய தண்டனை.

அண்ணன்தான் நிலைமையைச் சமாளித்தார். "பஜ்ஜி ஆறுதுங்க, எல்லாரும் எடுத்துக்கங்க. அம்மணி, நீயும் எடுத்துக்க" என்று தட்டை நீட்டினார். யாரும் எதையும் கேட்கவில்லை. "தம்பி, நீயும் பொய் சொன்னியா?" என்று அவர் கேட்கவில்லை. "நீங்களுமா அண்ணா?" என்று நானும் கேட்கவில்லை. நம்மவர்கள் மரியாதையானவர்கள். ஒருத்தன் வேட்டி அவிழ்ந்துவிட்டால் எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். அன்று எல்லாருக்கும் அவிழ்ந்திருந்தது. திரும்பிக்கொள்ள வேறு பக்கம் இல்லை.

அந்தப் பெண் போய் இன்ஜினியர் அம்மாவிடம் மெதுவாக ஏதோ சொன்னது. அவர் எங்களிடம் வரவில்லை. நேராகப் பெண்களிடம் போனார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "நீங்க வேற ஸ்டாப்புல ஏறுனா அங்கதாங்க கணக்கு ஏறும். இங்க ஸ்டேஷன் வேணும்னா இங்க நின்னு ஏறுங்க. இன்னொருக்கா எண்ண வருவோம். அப்ப ஆள் நின்னா மறுபடியும் யோசிக்கலாம்" என்றார். அம்மா, "சரிங்க மேடம்" என்றாள். மற்றவர்கள் கைப்பையைச் சரிசெய்துகொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்டேன்.

"எல்லாருமா பஸ்ஸுல போறீங்க?"

"எல்லாருந்தானுங்க. மொத நாளு எதிரூட்டு அக்காளை அந்த ஸ்டாப்புல பாத்தப்ப ரெண்டு பேரும் பாக்காத மாதிரியே நின்னோம். அவிய ஒரு சந்துல வந்தாங்க, நான் ஒரு சந்துல. மறுநா பாத்து சிரிச்சுப்போட்டோம். அப்புறம் சேந்தே நடக்கறோம்."

"சொல்லவே இல்லையே?"

"எதைங்க சொல்றது? உங்க கௌரவம் அந்த ஊட்டுக்குத் தெரிய வேண்டாம், அவிய கௌரவம் இந்த ஊட்டுக்குத் தெரிய வேண்டாம். நாங்க நடந்துட்டம்."

 அவள் புளியைப் பிழிந்து சக்கையை எறிந்துவிட்டுச் சொன்னாள்: "ரயிலு கொஞ்சம் பக்கத்துல வந்தா நல்லாருக்கும்னு எனக்கு ஆசைங்க. நெரிசல் கொறையுதோ இல்லையோ, இந்த முட்டி கொஞ்சம் பொழைக்கும். அதைக் கேக்கறதுக்குத்தான் கூட்டத்துக்கு வந்தேன். நீங்க முன்னாடியே எந்திரிச்சுட்டீங்க."

இதைத்தான் உங்களிடம் என் வாயால் சொல்ல முடியவில்லை. நான் ஊருக்காகப் பேசுவதாக நினைத்து எழுந்தேன். என் வீட்டில் ஒருத்தி கேட்க வைத்திருந்ததைக் கேட்க விடாமல் செய்துவிட்டேன். ரயிலால் பொருளாதாரம் வளருமா என்று மேடையைக் கேட்டவன், மழையில் சந்து சந்தாக நடந்து போய் வேலை பார்த்து இந்த வீட்டுப் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்துகிறவளை ஒருநாளும் கேட்டதில்லை. ஊரில் நெரிசல் ஏன் வருகிறது என்று இப்போது கேட்டால் நான் ரோட்டை மட்டும் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் ஏறுவதற்கு வெட்கப்படுகிறவன் ரயிலில் மட்டும் எப்படி ஏறுவான்? பளபளவென்று குளிரூட்டி விட்டிருந்தால் ஏறுவானோ என்னவோ. எனக்குத் தெரியவில்லை. என் வெட்கத்தைப் பற்றி மட்டும்தான் எனக்குத் தெரியும்.

திரும்ப எண்ண வரும்போது நம் நிறுத்தத்தில் ஆள் நிற்க வேண்டும். அம்மா பக்கத்து வீடுகளில் போய்ச் சொன்னாள். எல்லாரும், "பாக்கலாம் அம்மணி" என்றார்களாம். நம் ஊரில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"யாரும் வராட்டிப் போகுது. நான் நின்னுக்கறேன்" என்றாள் அம்மா.

"நானும் வாரேன். நானும் கூட நிக்கறேன்" என்றேன். பிராயச்சித்தம் மாதிரி ஒரு நினைப்பு. அவள் கொஞ்சம் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலையில் இருவரும் சந்து வழியாகப் போகாமல் நேர் வீதியில் நடந்தோம். எதிர்வீட்டு அண்ணனின் சம்சாரம் கைப்பையோடு கேட் வரைக்கும் வந்து எங்களைப் பார்த்தார். உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு ரேஷன் கடைச் சந்துப் பக்கம் போய்விட்டார்.  நாங்கள் போய்ப் பேக்கரிக்கு எதிரே நிறுத்தத்தில் நின்றோம். அங்கே நிழற்குடை மேல் யாரோ பழைய பேனரைக் காயப் போட்டிருந்தார்கள். ஆள் நிற்கிற இடமாகவே அது இல்லை.

பேக்கரியில் டீ கிளாஸ்கள் வாய்க்குப் போகாமல் நின்றன.  ரோட்டைத் தாண்டி மூலை வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். கேலி இல்லை, அக்கறையாகத்தான்.

"ஏனுங்க, கார் ரிப்பேருங்களா? சொல்லியிருந்தா நான் கொண்டுபோய் உட்டிருப்பனுங்களே!"

கண்ணுகளா, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆனால் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"ஆமாங்க, பேட்டரி எறங்கிப்போச்சுங்க!" என்று கத்தினேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. பஸ் வந்துகொண்டிருந்தது. அவள் கையை நீட்டினாள். இந்த நிறுத்தத்தில் யாரும் நிற்பதில்லை என்ற பழக்கத்தில் டிரைவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. பஸ் போய்விட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் திரும்பி எங்களைப் பார்த்தது. அம்மா கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். கூடவே நானும் நடந்தேன். அங்கே நின்றிருந்த நம் வீதிப் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்கள். 

சாயங்காலம் அம்மா வந்ததும் வராததுமாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"நாளைக்கு நீங்க வரவேண்டாமுங்க. நீங்க நின்னா எல்லாரும் காரணம் கேக்கறாங்க, நீங்களும் ஒரு காரணம் சொல்றீங்க. நான் மட்டும் நின்னா, பஸ்ஸுக்கு நிக்கறேன்னு தெரிஞ்சுக்குவாங்க."